காற்றை அடைக்காதீர்கள், கட்டையைக் குறையுங்கள்: விறகடுப்புக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். நோர்வேயிலிருந்து எழுதியவர்களும் கனடாவிலிருந்து எழுதியவர்களும் மட்டக்களப்பிலிருந்து எழுதிய ஒரு தங்கச்சியும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: தீ என் சொல் கேட்டு எரிய வேண்டும், கெதியாக எரிந்து முடியவும் கூடாது, புகைந்துகொண்டு கிடக்கவும் கூடாது, அதற்கு என்ன செய்வது? நோர்வேயில் இருபது குளிர்காலத்துக்கு மேல் விறகடுப்போடு வாழ்ந்தவள் என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் போன வருடம் வீடு வாங்கினோம். வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்படுப்பு இருக்கிறது, பழையதில்லை. படுக்கப் போகும்போது நிறைய விறகை அடுக்கிக் காற்று வரும் பிடியை முழுக்க மூடிவிடுவோம், விடியும்வரை சூடு நிற்கட்டும் என்று. காலையில் கண்ணாடி கறுத்துப்போய்க் கிடக்கிறது, வீட்டில் ஒரு புளித்த புகை மணம், பக்கத்து வீட்டுக்காரரும் புகை வருகிறது என்று சொல்லிவிட்டார். அடுப்பு பழுதா?

பதில்: அடுப்பில் பழுதில்லை தம்பி. நீங்கள் செய்வதைத்தான் நானும் முதல் இரண்டு குளிர்காலமும் செய்தேன். வாடகை வீடு, பழைய இரும்படுப்பு, விறகு விலை, இதெல்லாம் சேர்ந்து எப்படியாவது ஒரு அடுக்கில் இரவைக் கழித்துவிட வேண்டும் என்ற எண்ணம். மூன்றாம் வருடம் புகைபோக்கி துடைக்க வந்தவர் உள்ளேயிருந்து எடுத்துக் காட்டியது சாம்பலோ கரியோ இல்லை, பளபளவென்று கண்ணாடிபோல் இறுகின கறுப்புத் தார். இன்னும் ஒரு குளிர்காலம் இப்படிப் போயிருந்தால் புகைபோக்கிக்குள் தீப்பிடித்திருக்கும் என்றார். அப்போது என் மகளுக்கு நான்கு வயது, அவளுடைய கட்டில் அந்தச் சுவரோடுதான் கிடந்தது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் பெரும்பாலும் எரிவது கட்டை இல்லை, கட்டையிலிருந்து வெளியேறும் வாயு. சூடு ஏற ஏற முதலில் ஈரம் ஆவியாகும், பிறகு மரம் சிதைந்து வாயுவாக வரும், அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் நாம் பார்க்கிற மஞ்சள் சுவாலை. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு இப்படி வாயுவாகத்தான் போகிறது, கடைசியில் மிஞ்சுகிற கரிதான் தணலாக எரிகிறது. அந்த வாயு முழுக்க எரிய இரண்டு விஷயம் வேண்டும்: ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடு, போதிய காற்று.

இப்போது நீங்கள் செய்வதைப் பாருங்கள். நல்ல தணல்மேல் ஐந்தாறு கட்டையை அடுக்குகிறீர்கள். அந்தச் சூட்டில் எல்லாக் கட்டையும் ஒன்றாக வாயு விடத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துக் காற்றை மூடுகிறீர்கள். காற்றை மூடினால் எரிவதுதான் நிற்கும், சூடேறின கட்டை வாயு விடுவதை நிறுத்தாது, மணிக்கணக்காக விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத அந்த வாயுதான் கண்ணாடியில் படிகிறது, குளிர்ந்த புகைபோக்கியில் தாராக ஒட்டுகிறது, மிச்சம் பக்கத்து வீட்டு முற்றத்தில் இறங்குகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கின சூட்டில் பெரும் பங்கு அதற்குள்தான் இருந்தது.

ஊரில் அம்மா சோறு பொங்கி வரும்போது தீயை எப்படிக் குறைத்தார் என்று நினைத்துப் பாருங்கள். அடுப்பு வாயையா அடைத்தார்? கொள்ளியை வெளியே இழுத்தார். கொதி வேண்டுமென்றால் உள்ளே தள்ளினார், கறி வற்ற வேண்டுமென்றால் தணலை மட்டும் விட்டு மற்றதை ஒதுக்கினார். அந்த அடுப்பில் காற்றைப் பிடித்துவைக்க வழியே இல்லாததால் தீயின் அளவு என்பது விறகின் அளவுதான். இந்த இரும்படுப்பில் ஒரு பிடி இருப்பதைப் பார்த்ததும் நாங்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். பிடி சின்னத் திருத்தங்களுக்குத்தான், சூட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஒரு தடவையில் எத்தனை கட்டை போடுகிறோம் என்பதே.

கணக்கும் சுலபம். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணிச் சூடு இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால் பங்கை அறைக்குத் தரும் என்று வைத்தால் 3. ஓரளவு நன்றாகக் கட்டின வீட்டின் வரவேற்பறைக்கு இரண்டு மூன்று கிலோவாட் காணும், அப்படியென்றால் மணிக்கு ஒரு கிலோ விறகு போதும். சமையல் தராசில் உங்கள் விறகை ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள், 30 சென்ரிமீற்றர் நீளமான நடுத்தரப் பேர்ச் (birch) மரக் கட்டை ஒன்று ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். ஐந்தாறு கட்டை என்றால் அது ஐந்தாறு மணி நேரத்துக்கான சூடு, அதை ஒரேயடியாக உள்ளே போட்டுவிட்டுத்தான் அடக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, எப்படி எரிப்பது. மஞ்சள் சுவாலை எல்லாம் அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போது காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, தணலைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, இரண்டு கட்டை, மிஞ்சினால் மூன்று வையுங்கள். ஒற்றைக் கட்டை வேண்டாம், ஒன்றுக்கொன்று சூடு கொடுத்தால்தான் கட்டைகள் எரியும், தனியே வைத்தது பாதியில் சோர்ந்து புகையும். ஐந்து பத்து நிமிடத்தில் நன்றாகப் பற்றியதும் கீழிருந்து வரும் காற்றை மூடலாம். மேலே கண்ணாடியை ஒட்டி இறங்கி வருகிற காற்று ஒன்று இருக்கிறது, வாயுவை எரிக்கிறது அதுதான், அதைப் பாதியளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், முழுக்க மூடக் கூடாது. ஒவ்வொரு தரம் குறைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் நின்று சுவாலையைப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளாகத் துள்ளிக்கொண்டிருந்தால் சரி. கருஞ்சிவப்பாகச் சோம்பலாக அசைந்தால், நுனியில் புகை சுருண்டால், காற்றுக் காணாது, திரும்பத் திறவுங்கள். அடுப்புக்குள் இருக்கும் கல் தட்டுகள் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்திருந்தால் தீயில் சூடு போதவில்லை. அப்படியே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். நன்றாக எரிகிற அடுப்பின் மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரியும், கடும் குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து உடனே கலையும். நீலமாகவோ சாம்பலாகவோ நீண்டு போனால் அது புகை.

இரவில் அணைய விடுங்கள். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கடைசித் தடவை போட்டு நன்றாக எரியவிட்டால் இரும்பும் சுவரும் வாங்கின சூடு நடுச்சாமம்வரை வரும், விடியக் காலை திரும்ப மூட்டுவது பத்து நிமிட வேலை. நோர்வேயில் 1998 இலிருந்து புதிதாகப் பொருத்துகிற அடுப்புகள் எல்லாம் தூய எரிப்பு அடுப்புகளாக இருக்க வேண்டும் என்று விதி, உங்களுடையதும் அப்படியானதாகத்தான் இருக்கும். அந்த அடுப்புகள் புகையை இரண்டாம் தரம் எரிக்கத் தெரிந்தவை, ஆனால் காற்றை அடைத்தால் அவையும் பழைய அடுப்புப் போலத்தான் புகையும்.

கேள்வி: போன சாக்கு விறகு மெதுவாக நின்று எரிந்தது, இந்தச் சாக்கு கடதாசிபோலப் போய்விடுகிறது. அதற்கு முதல் ஒரு தெரிந்தவர் தந்த விறகு சீறிக்கொண்டே கிடந்தது, எரியவே இல்லை. பிடியை ஒரே இடத்தில்தான் வைக்கிறேன். — துரொண்ஹைமிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பிடி ஒரே இடத்தில், விறகு வேறு வேறு, அதுதான் விஷயம் அண்ணை. சாக்கில் பியோர்க் என்று எழுதியிருந்தால் பேர்ச், அடர்த்தியான மரம், நின்று எரியும். கிரான் என்றிருந்தால் ஸ்ப்ரூஸ், அதே பருமனுள்ள கட்டையில் மரச்சத்துக் குறைவு, கெதியாகப் பற்றிக் கெதியாக முடியும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டிலும் சூடு ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் சாக்கை நாங்கள் லீற்றரில் அல்லவா வாங்குகிறோம், அதனால் ஸ்ப்ரூஸ் சாக்குக்கு விலை குறைவாக இருந்தால்தான் லாபம். மூட்டுவதற்கும், இளங்குளிர் நாளில் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்குவதற்கும் ஸ்ப்ரூஸ் நல்லது, சனிக்கிழமை பின்னேரம் முழுக்க இருந்து எரிப்பதற்கு பேர்ச்.

மரத்தைவிடப் பிளந்த அளவு பெரிய விஷயம். தீ பிடிப்பது மேற்பரப்பில். ஒரு கட்டையை நான்காகப் பிளந்தால் எடை அதே எடை, தீ பிடிக்கிற முகம் கூடிவிடும், வாயுவும் அந்த வேகத்தில் வரும். ஆகவே ஒரே சாக்கிலிருந்து கையளவு மெல்லிய துண்டுகளையும் பருமனான கட்டைகளையும் பிரித்து வைத்தால் உங்களிடம் இரண்டு வேகம் இருக்கிறது. அடுக்குகிற விதமும் அப்படித்தான், நெருக்கி ஒரே பக்கமாக வைத்தால் மெல்ல, குறுக்கும் மறுக்குமாக இடைவெளி விட்டு வைத்தால் வேகம்.

சீறின விறகு ஈரம், வேறு காரணமே இல்லை. வெட்டின புதிதில் மரத்தின் எடையில் பாதி தண்ணீர் இருக்கும், எரிக்கும்போது 20 வீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணிச் சூடு போகும். அந்த இழப்பைக்கூடத் தாங்கலாம், ஆனால் ஈரம் தீயைக் குளிர வைத்துவிடும், நான் மேலே சொன்ன 600 பாகைக்கு அது ஏறவே ஏறாது. எவ்வளவு காற்றுத் திறந்தாலும் ஈர விறகை அடக்கவும் முடியாது, கிளப்பவும் முடியாது. ஈரம் பார்க்கிற சின்னக் கருவி கடைகளில் இருக்கிறது, வாங்குங்கள், ஆனால் கட்டையின் வெளிமுகத்தில் குத்திப் பார்க்காதீர்கள், புதிதாக ஒரு தரம் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்னும், ஈரம் மொத்தென்று கேட்கும். அந்தத் தெரிந்தவரின் விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டு அடுக்கி வையுங்கள். வசந்தத்தில் அடுக்கினால் பேர்ச் அடுத்த குளிருக்கு ஆகிவிடும். எரிக்கப் போவதை ஒரு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் இன்னும் நல்லது, உறைந்த கட்டையைத் தணலில் போட்டால் தணல் அடங்கிப்போகும்.

கேள்வி: பேர்கனில் இருக்கிறோம். மூட்டும்போது எல்லாப் புகையும் அறைக்குள் வருகிறது.

பதில்: குசினியில் புகை இழுக்கிற விசிறி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். காற்றுப் புகாமல் கட்டின புது வீட்டில் அந்த விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, அதற்கு ஈடாகப் புகைபோக்கி வழியே காற்று உள்ளே இறங்கும். விசிறியை நிறுத்தி, அடுப்புக்குக் கிட்ட உள்ள யன்னலை நாலு விரலளவு திறந்து வைத்து மூட்டுங்கள். மேலிருந்து மூட்டுங்கள், நோர்வேக்காரர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற முறை அது: பெரிய கட்டை கீழே, அதன் மேல் சின்னது, ஆக மேலே மெல்லிய சிராய்களும் பற்றவைக்கும் துண்டும். தீ மெழுகுதிரிபோல மேலிருந்து கீழே இறங்கும், வாயு சுவாலையைக் கடந்துதான் மேலே போகும், கட்டைகளும் ஒன்றாகப் பற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும். பழைய வகை அடுப்பு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் நகரத்தில் 2021 இலிருந்து தூய எரிப்பு இல்லாத பழைய அடுப்புகளை எரிக்கத் தடை இருக்கிறது.

கேள்வி: அக்கா, மலைப்பக்கம் இருக்கிறோம். போன மாதம் வெளியே மைனஸ் 20க்கும் கீழே. வழக்கமாகப் போடுகிற அளவு விறகுதான் போட்டேன், அடுப்பு விமானம்போல இரைந்தது, புகைக்குழாயின் அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்து கட்டையை எடுக்கப் போனேன், கணவர் விடவில்லை. யார் சரி?

பதில்: கணவர் சரி, தங்கச்சி. கதவைத் திறந்திருந்தால் அந்தத் தீக்கு வேண்டின காற்று முழுவதும் ஒரேயடியாகக் கிடைத்திருக்கும், எரிகிற கட்டையும் தரையில் விழுந்திருக்கலாம்.

ஊரடுப்பின் பாடம் இந்த ஒரு இடத்தில் செல்லாது. மற்ற நேரமெல்லாம் விறகால் அடக்கு என்று சொல்கிற நான் இங்கே மட்டும் காற்றை முழுக்க அடை என்கிறேன், ஏனென்றால் விறகு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. எல்லாக் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், சாம்பல் தட்டு இறுக்கமாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தில் இருக்கும் கதிரை, திரைச்சீலை, விறகுக் கூடை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும், கொதிக்கிற ஆவி முகத்தில் அடிக்கும். பிறகு அடுப்பை விட்டு நகராமல் அடங்கும்வரை நில்லுங்கள்.

ஏன் அப்படி நடந்தது? புகைபோக்கி இழுப்பது உள்ளே உள்ள சூடான வாயு லேசாகவும் வெளியே உள்ள குளிர்காற்று கனமாகவும் இருப்பதால்தான். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு இழுவை. ஐந்து பாகை மழை நாளில் பாதி திறந்த பிடி கொடுத்த காற்றும் மைனஸ் 20இல் அதே பாதி கொடுத்த காற்றும் ஒன்றில்லை. கடும் குளிரில் நாங்கள் கூடச் சூடு வேண்டும் என்று கூட விறகு போடுவோம், அந்த நேரம் பார்த்து இழுவையும் கூடியிருக்கும். அதனால் அந்த நாட்களில் தடவைக்கு வழக்கமான அளவோ அதற்குக் குறைவோ போட்டு, அடிக்கடி போடுங்கள். புகைபோக்கி மிக உயரமாக இருந்து எப்போதும் இப்படி இழுத்தால் இழுவையைக் குறைக்கிற தகடு ஒன்றைப் பொருத்தலாம், அதைப் புகைபோக்கி துடைக்க வருபவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அடுப்புக் கதவைச் சுற்றி இருக்கும் கண்ணாடி நார்க் கயிற்றையும் பாருங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டும். சுற்றிவர நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து பாருங்கள். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியால் காற்றுப் போகிறது, பிடியை மூடினாலும் அடுப்பு மூடாது. கயிறு மலிவு, ஒரு பின்னேரத்தில் மாற்றலாம். புகைக்குழாயில் ஒட்டுகிற காந்த வெப்பமானி ஒன்றும் வாங்கி வையுங்கள், ஒற்றைச் சுவர்க் குழாயில் ஏறத்தாழ 120க்கும் 240 பாகைக்கும் இடையில் முள் நிற்பது நல்லது, கீழே போனால் தார் படியும், மேலே போனால் நீங்கள் பார்த்ததுபோல ஆகும்.

ஒன்றை மட்டும் வித்தியாசம் பிடித்துக்கொள்ளுங்கள். இரைச்சல் அடுப்பிலிருந்து இல்லாமல் புகைபோக்கியிலிருந்து, ரயில் போவதுபோலக் கேட்டால், மேலே தீப்பொறி பறந்தால், அது புகைபோக்கித் தீ. காற்றை எல்லாம் மூடி, பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் நோர்வேயின் தீயணைப்பு எண்ணான 110ஐ அழையுங்கள். யாராவது வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பைத் திரும்ப மூட்டக் கூடாது, தீ தானாக அணைந்ததுபோல இருந்தாலும் புகைபோக்கிக்குள் விரிசல் விட்டிருக்கலாம்.

கேள்வி: ஒன்ராறியோவில் ஒரு ஏரிக்கரை வீடு. மின்சாரம் அடிக்கடி போகும், ஆகவே இரவு முழுக்க அடுப்பு நிற்க வேண்டும். நோர்வேயில் இரவு அணைய விடச் சொல்கிறீர்கள், இங்கே அப்படி முடியாதே.

பதில்: முடியாதுதான், அதற்கேற்ற அடுப்பும் விறகும் உங்கள் பக்கம் இருக்கிறது. வட அமெரிக்க அடுப்புகளின் தீயறை பெரியது, மேப்பிள், ஓக் போன்ற கனமான மரமும் கிடைக்கும். ஓக் மட்டும் காய இரண்டு வருடம் எடுக்கும், இந்த வருடம் வெட்டினதை அடுத்த குளிருக்கு நம்பாதீர்கள். விறகு வாங்கும்போது ஒரு கோர்ட் என்றால் 128 கன அடி, பலர் விற்பது ஒற்றை வரிசை, அதில் மூன்றில் ஒன்றுதான் வரும், விலை கேட்கும்போது எது என்று கேளுங்கள்.

செய்முறை இது. தணலைக் கதவுப்பக்கம் இழுத்து, பின்னால் பெரிய கட்டைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வையுங்கள், தீ முன்னிருந்து பின்னுக்கு மெல்லப் போகட்டும். பதினைந்து இருபது நிமிடம் காற்று முழுக்கத் திறந்து கட்டைகளின் முகம் கரியாகும்வரை எரியவிட்டு, பிறகு மூன்று நான்கு படியாகக் குறையுங்கள். கட்டையில் சுவாலை குறைந்து, மேலே தகட்டின் கீழே உள்ள துளைகளிலிருந்து நெருப்பு வருவதுபோல நீலமும் மஞ்சளுமாகத் தெரிந்தால் புகை எரிகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் குறைக்காதீர்கள். சான்று பெற்ற அடுப்புகளில் அந்த மேல்காற்றை உங்களால் முழுக்க மூடவும் முடியாது, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020 மே மாதத்திலிருந்து புதிய அடுப்புக்கு மணிக்கு 2 கிராம் புகைத்துகள் என்று எல்லை வைத்திருக்கிறது, சாதாரண விறகை எரித்துச் சோதித்தால் 2.5 கிராம்.

விடியும்போது சுவாலை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், சின்னக் கட்டை இரண்டை வைத்ததும் பற்றுகிற அளவுக்குத் தணல் இருந்தால் காணும். அதைவிடவும் மெதுவான தீ உண்மையிலேயே வேண்டுமென்றால் வினையூக்கி வைத்த அடுப்பு வாங்குங்கள். தேன்கூடு மாதிரியான ஒரு தட்டு அதில் இருக்கும், அது புகையை ஏறத்தாழ 260 பாகையிலேயே எரிக்கத் தொடங்கிவிடும், அதனால் தீ தாழ்ந்திருந்தாலும் தார் சேராது. வழவழப்பான கடதாசி, வர்ணம் பூசின பலகை போட்டால் அந்தத் தட்டுக் கெட்டுவிடும். எதை வாங்கினாலும் படுக்கையறைப் பக்கம், மணமில்லாத நஞ்சுக் காற்றான காபன் மொனொக்சைட்டுக்கு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம், இரவு முழுக்கத் தணல் கிடக்கிற வீட்டில் அதில்லாமல் தூங்க வேண்டாம்.

கேள்வி: நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் இருக்கிறோம், மரமே இல்லை. கடற்கரையில் பெரிய பெரிய கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கின்றன, எடுத்து எரிக்கலாமா?

பதில்: மீன் தொழிற்சாலை வேலைக்கென்று எண்பதுகளில் அந்தக் கரைக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருக்கும் அந்தக் கட்டைகள் தெரியும். ரஷ்ய ஆறுகளில் மிதக்கவிட்ட மரங்கள் தப்பிக் கடலில் அலைந்து வந்தவை அவற்றில் நிறைய. வேலி கட்டலாம், வாங்கு செய்யலாம், அடுப்பில் வேண்டாம். உப்பு ஊறின மரம் எரியும்போது குளோரின் சேர்ந்த நச்சுகள் வரும், இரும்பையும் புகைக்குழாயையும் அரிக்கும்.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன் அக்கா. எரிவாயு விலைக்குப் பயந்து மரத்தூள் அடுப்புச் செய்தோம். முதல் நாள் அரை மணியில் எரிந்து முடிந்தது, அடுத்த நாள் வீடு முழுக்கப் புகை.

பதில்: இந்த அடுப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். காற்றுப் பிடி கிடையாது, கொள்ளி இழுக்கவும் முடியாது, எல்லா அடக்கமும் மூட்டுவதற்கு முன்பே கைக்குள் இருக்கிறது, நீங்கள் எவ்வளவு இறுக்கி இடிக்கிறீர்களோ அதுதான் வேகம். அடிப்பக்கம் துளை போட்ட தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, துளை வழியே ஒரு தடியைப் போத்தலின் அடிவரை விட்டுவிட்டு, மரத்தூளை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று கைப்பிடி போட்டு இடித்து, திரும்பப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். முதல் நாள் தளர்வாக நிரப்பியிருப்பீர்கள். போத்தலையும் தடியையும் திருகித் திருகி மெல்ல எடுங்கள், சுவர் இடிந்தால் திரும்ப நிரப்புங்கள், எரியும்போது இடிந்தால் வழி அடைபட்டுப் புகைதான் வரும். மெலிந்த போத்தல் வைத்தால் மெல்லிய தீ, தடித்த போத்தல் என்றால் பெரிய தீ. வழி எரிந்து அகல அகலத் தீ கூடிக்கொண்டே போகும், ஆகவே முதலில் மெல்ல வேகிற பருப்பை வைத்துப் பிறகு பொரியல் என்று ஒழுங்கு பண்ணினால் வசதி.

இரண்டாம் நாள் புகைக்கு ஈரத் தூள் காரணமாக இருக்கும், வெயிலில் பரப்பிக் காய வைத்துப் போடுங்கள். சட்டிக்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு விரல் உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சட்டி வாயை அடைத்தால் இழுவையே இருக்காது. பொலிஷ் பூசின பலகை, ஒட்டுப்பலகை இவற்றின் தூளை வாங்க வேண்டாம். காற்றோட்டமான கோடியில் வைத்தே எரியுங்கள், மூடின அறைக்குள் வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து மூன்று மாதம் நிற்கிறார், வயது 78. அடுப்புக்குக் கிட்ட இருப்பது அவருக்குப் பிடிக்கும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து கட்டையைத் தள்ளுகிறார், இழுக்கிறார், அறைக்குள் புகை வருகிறது. எப்படிச் சொல்வது? — ஸ்தவாங்கரிலிருந்து ஒரு மகள்

பதில்: தடுக்காதீர்கள், அடுப்பை அவர் கையிலேயே கொடுங்கள், இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு. ஒன்று, சுவாலை இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது, தணலானதும் திறக்கலாம், அதுவும் முதலில் ஒரு விரலளவு திறந்து சில விநாடி பொறுத்து, பிறகு மெல்ல. அப்படித் திறந்தால் புகை உள்ளே வராது. இரண்டு, தணல் சிவந்திருக்கும்வரை காற்றையும் புகைக்குழாய்த் தகட்டையும் முழுக்க மூடக் கூடாது, தணலில் புகை தெரியாது, ஆனால் நஞ்சுக் காற்று அப்போதுதான் கூட வரும். தள்ளி இழுத்துச் செய்கிற வேலையை அவர் இனி எண்ணிக்கையால் செய்யட்டும், இந்தத் தடவை இரண்டா மூன்றா, மெல்லியதா தடித்ததா என்று. பொச்சும் பன்னாடையும் ஊமலும் எது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அறுபது வருடம் பார்த்த கை அது, பேர்ச்சையும் ஸ்ப்ரூஸையும் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்ளும்.

சாம்பலை ஒவ்வொரு நாளும் வழித்து எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிடந்தால் தணல் நிற்கும். எடுப்பதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, மரச்சுவருக்குத் தள்ளி வையுங்கள், சாம்பலுக்குள் நெருப்பு நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். கண்ணாடி கறுத்திருந்தால் கடையில் தெளிப்பான் வாங்காதீர்கள். அடுப்பு ஆறினதும் செய்தித்தாளை நனைத்துப் பிழிந்து, அந்தச் சாம்பலிலேயே தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பானை சட்டியை அப்படித் தேய்த்தவர்தானே, அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.